அரைக்கால் ஒப்பிட்டு

சாலம்மாளை அந்த ஊரில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் ஊரைக் கண்டால் ஆகாது. திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, மழை எட்டிப் பார்க்காத மேட்டாங்காட்டு ஊர் அது. கல்யாணமான மறு வருஷமே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, மாமியார் வீட்டு மாட்டுக் கொட்டிலே கதியென்று கிடக்காமல், சேலத்தில் டிரெய்னிங் முடித்து வாத்தியாரம்மாவாக வந்தவள். அப்படி வந்தவள் அடங்கி ஒடுங்கி இருப்பாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவளோ, பள்ளிக்கூடத்து வாசலில் எருமையைக் கட்டியவனை எருமையோடு சேர்த்து விரட்டினாள்.

பள்ளிக்கூடம் சென்னியப்பனுடையது. கட்டடம் அவருடையது, வாத்தியாரை வைப்பதும் எடுப்பதும் அவர் கையில். மானேஜர் என்று பெயர். கையெழுத்துப் போடுவதற்குள் வியர்த்துவிடும். அவருடைய பண்ணையாள் மகள் மாரக்காளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சாலம்மாள் நடையாய் நடந்தாள். ஆட்டை யார் மேய்ப்பது என்று தாய்க்காரி பாவாயி மல்லுக்கு நின்றாள். சென்னியப்பன் முகத்தைச் சுளித்தார். பெண் கடைசியில் வந்து சேர்ந்தாள், ஆனால் வாசற்படியோரம் தனியாகத்தான் உட்கார வேண்டும் என்றார்கள். சாலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கு ஒப்புக்கொண்டாள். உள்ளே வந்துவிட்டாளே, நாளைக்கு நடுவிலும் உட்காருவாள் என்பது அவள் எண்ணம். அந்த ஊரில் அவள் சாதித்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஒரே இடத்தில் தலை கிறுகிறுத்தது. கால் பெரிதா, அரைக்கால் பெரிதா என்று கேட்டால், அரைக்கால்தான் என்று கூரை பறக்கக் கத்தினார்கள். அதில் அரையும் இருக்கிறது, காலும் இருக்கிறது, வெறும் கால் எப்படிப் பெரிதாகும் என்பது அவர்கள் கட்சி. காலில் பாதிக்கு இப்படியொரு பேரை வைத்தவன் கையில் கிடைத்தால் சாலம்மாள் அவனையும் பிரம்பால் வெளுத்திருப்பாள். சிலேட்டில் கோடு போட்டுக் காட்டினாள், திட்டினாள், முட்டி போட வைத்தாள். ஒன்றும் ஏறவில்லை.

கடைசியில் ஒருநாள், கடலைப்பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டகலத்துக்கு ஒரு ஒப்பிட்டைச் சுட்டு எடுத்து வந்தாள். அதில் ஒரு காலை அப்படியே விட்டு, மிச்சத்தை ஆறு அரைக்காலாக வெட்டி, துணி போட்டு மூடினாள். யாருக்கு எது வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள்.

சென்னியப்பன் மகன் குமாரசாமி முதல் ஆளாக அரைக்கால் கேட்டான். அவன் கேட்டதையே மற்ற ஐந்து பேரும் கேட்டார்கள். மாரக்காளுக்கு மிஞ்சியது கால். துணியை எடுத்துப் பங்கு போட்டாள். குமாரசாமி தன் கையிலிருந்ததைப் பார்த்தான், வாசற்படியைப் பார்த்தான், ஓவென்று அழுதான். சாலம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் பிரம்புக்கு ஏறாதது ஒரு வாய் தின்பண்டத்தில் ஏறிவிட்டது.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே சென்னியப்பன் வந்து நின்றார். கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதையும் ஏறும்.

"ஏனுங்க அம்மிணி, கால் எது, அரைக்கால் எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? நானும் கெணத்துல பங்கு வச்சிருக்கிறவன்தானுங்க. உங்க கணக்குல தப்பே இல்லீங்க. ஆனா எந்தக் கணக்குப் போட்டாலும், எம் பையனுக்குச் சிறுசும் எம் பண்ணையாள் புள்ளைக்குப் பெருசும் வரப்படாதுங்க. நாளைக்கு மறுக்காச் சுட்டுக் கொண்டாங்க. நானே வந்து பாக்கறேன். சரியா வரலீன்னா சாவியக் குடுத்துட்டுப் பொட்டியக் கட்டிக்குங்க."

சாலம்மாள் அன்று முழுக்கக் கொதித்தாள். சாவியை அந்த மனுஷன் மூஞ்சியில் வீசிவிட்டுப் போக அவளுக்குக் கை பரபரத்தது. ஆனால் அவள் போன மறுநாளே மாரக்காளை ஆட்டுக்குப் பின்னால் துரத்திவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்காகவாவது இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மாவைப் பிசைந்தாள்.

அடுத்த நாள் சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டில் துணி இல்லை. குமாரசாமி எழுந்து கால் கேட்டான், கிடைத்தது. அடுத்தவனும் கால்தான் கேட்டான், அதற்கடுத்தவனும் அதையே கேட்டான். இப்போதுதான் எல்லோருக்கும் தெரியுமே. கால் தீர்ந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி ஆளுக்கொரு அரைக்காலை வைத்தாள். கடைசித் துண்டை எடுத்துக்கொண்டு அவள் வாசல் பக்கம் நடந்தபோது, அவளையும் கேளுங்க என்றார் சென்னியப்பன்.

சாலம்மாள் கேட்டாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

மாரக்காள் தட்டைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். "எனக்கு அரைக்காலுங்க," என்றாள்.

"பாத்தீங்களா, புள்ளைக்குக் கணக்கு வந்துருச்சு," என்று சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மாரக்காள் தன் அரைக்காலைத் தின்னவில்லை. இலையில் சுற்றி எடுத்துப் போனாள்.

அதற்கடுத்த நாள் வாசற்படியோரம் காலியாக இருந்தது. மறுநாளும் அப்படித்தான். சாலம்மாள் பொறுக்கமாட்டாமல் பண்ணையாட்கள் குடியிருந்த வளவுக்குப் போனாள். பாவாயி வேலியோரம் ஆட்டுக்குத் தழையும் கொழையும் கட்டிக்கொண்டிருந்தாள், உட்காரச் சொல்லவில்லை. பெண்ணை அனுப்பு, நன்றாகப் படிக்கிற பிள்ளை, இனி அப்படியெல்லாம் நடக்காது என்று சாலம்மாள் சொன்னாள். கடைசியில், உன் மகளுக்காகத்தான் நான் அந்த வேலையை விடாமல் இருக்கிறேன் என்றும் சொல்லிவிட்டாள்.

பாவாயி கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"எது பெருசு எது சிறுசுன்னு எம் புள்ள கத்துக்கிட்டு வந்துட்டாளுங்க. இதுக்கு மேல உங்க பள்ளிக்கொடத்துல என்னத்தைச் சொல்லிக் குடுப்பீங்க?"