ஈர இலை

மலாயாவின் அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் கம்பிக்கு வெளியே, பெம்பான் போகும் சாலையோரம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதென்று காலையில் கேட்டில் ஆளாளுக்குச் சோதனை. பெண்களைச் சோதிக்க ஓர் அக்காவை வைத்திருந்தார்கள். அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல். என் பையைக் கிளறாமல் ஒருநாளும் விட்டதில்லை.

நான் அப்போது தற்காலிக ஆசிரியை. மலாக்காவிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் வேலை நிலைக்கும்; இல்லாவிட்டால் மரம் சீவப் போக வேண்டியதுதான். டவுனில் படிப்பித்த யாழ்ப்பாணத்துத் தோழி நாற்பது பட்டுப்புழுக்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். "கூடு கட்டுறதைக் காட்டும், மனுசன் அசந்து போவார்" என்றாள்.

மல்பெரிச் செடி என் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. கீரை அலசுவதுபோல் இலையை மூன்று தண்ணீரில் அலசி, வாடாமலிருக்க ஈரத்துணியில் சுற்றிப் பள்ளிக்கு எடுத்துப் போவேன். சுத்தத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு வேறு. நான்காம் நாள் புழுக்களுக்குக் கழிச்சல் கண்டது. துவண்டு, கறுத்து, ஒவ்வொன்றாகச் செத்தன.

மறுநாள் கேட்டில் அந்த அக்கா இலைக்கட்டைப் பிரித்தபோது கத்திவிட்டேன்.

"உங்க கை பட்டுத்தான் எல்லாம் சாகுது!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் கோபப்படவில்லை. இலையைத் தடவிப் பார்த்தார்.

"ஈரமா இருக்கு டீச்சர். ஈரத் தழை தின்னா என் ஆட்டுக்கே வயிறு ஊதிக்கும். இத்தனூண்டு புழு தாங்குமாலா?"

சொல்லிக்கொண்டே முந்தானையால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காவல்காரர் சீக்கிரம் என்று அதட்டினார். கடைசி இலைவரை துடைத்த பிறகுதான் என்னை விட்டார்.

அன்றோடு அலசுவதை நிறுத்தினேன். முந்தின சாயங்காலமே பறித்து, உலர்ந்த துணியில் வைத்தேன். அப்படியும் அவர் ஒரு துடைப்புத் துடைக்காமல் அனுப்பியதில்லை. பதினேழு புழுக்கள் பிழைத்தன. நோயில் இளைத்தவை மெல்லிய கூடு கட்டின, நன்றாகத் தின்றவை கெட்டியாகக் கட்டின. இன்ஸ்பெக்டர் முன்னால் இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, என் தவற்றையும் மறைக்காமல் சொன்னேன். வேலை நிலைத்தது.

வேலையை உறுதிசெய்து கடிதம் வந்த மறுநாள், இருந்ததிலேயே கெட்டியான கூட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

"இது என்னா டீச்சர்?"

"உங்களுக்குத்தான்க்கா. அன்னிக்குக் கத்தினதை மனசுல வச்சுக்காதீங்க."

காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே கடகடத்தது.

"அரிசி இல்லியே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் கூட்டை மடியில் செருகிக்கொண்டு, வழக்கம்போல் என் பையைக் கிளறினார்.