அண்ணனைச் சாமியாக்கியவர்கள்

பிளஸ் டூவில் நான் வாங்கிய மார்க்குக்கு, சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தத்துவத்தில்தான் இடம் கிடைத்தது. வட ஆற்காட்டிலிருந்து எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தைப் பிரித்த சமயம் அது. தத்துவத்தோடு உளவியலும் சமயமும் துணைப் பாடங்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் பயிர் வைத்துக்கொண்டிருந்த அப்பா, "இத்த படிச்சா இன்னா வேலைம்மா குடுப்பாங்க?" என்று கேட்டார். அண்ணன்தான், "படிக்கட்டும்பா, நம்ம வீட்ல ஒருத்தராவது யோசிக்கக் கத்துக்கட்டும்" என்று சொல்லி என்னை பஸ் ஏற்றிவிட்டான். எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குப் புதிதாகச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். நல்ல வேலைக்காரன். சட்டையில் எப்போதும் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாசனை அடிக்கும்.

இரண்டாம் வருஷம் மனநோய்களைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. ஹாஸ்டல் கட்டிலில் படுத்து மனச்சிதைவு பற்றிப் படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தூக்கம் போய்விடும், ஆளில்லாமல் குரல் கேட்கும், எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றும், குளிக்கத் தோன்றாது. போன லீவில் அண்ணன் அப்படித்தான் இருந்தான். கழற்றிப் போட்ட மோட்டாருக்குள் யாரோ தன் பேரைச் சொல்வதாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அசதி என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "கூடப் பொறந்தவனப் பைத்தியம்னு சொல்றதுக்கா உன்ன படிக்க வச்சோம்?" என்று அழுதாள். அப்பா அவனைக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். கொஞ்ச நாளில் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். மலையைச் சுற்றிச் சுற்றி நடந்து, கடைசியில் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். கிட்டே போனால் கல்லை எடுத்து எறிவான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் ஏறிக்கொண்டே போன காலம். சென்னையிலிருந்து வந்த யாரோ ஒருவர்மேல் அவன் எறிந்த கல் பட்டிருக்கிறது. அந்த வாரமே அவருடைய நிலத் தகராறு தீர்ந்ததாம். அதற்கப்புறம் ஜனங்கள் கல்லடி வாங்குவதற்கென்றே வந்து நின்றார்கள். அவனை வீட்டுக்குக் கூட்டிவரப் போன சித்தப்பா கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கிவிட்டார்.

எங்களுக்குச் சமயம் எடுத்த பேராசிரியை அருமையாகப் பாடம் நடத்துவார். கேள்வி கேட்டால் சந்தோஷப்படுகிற ஒரே டீச்சர் அவர்தான். ஒரு நாள் வகுப்பில் எழுந்து, "மேடம், ஞானிக்கும் மனநோயாளிக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி. அந்த அனுபவம் அவரை என்ன செய்துன்னு பாருங்க. பயம் போய் அன்பு பெருகினா அது ஞானம். ஆளையே உடைச்சுப் போட்டா அது நோய். முதல்ல அந்த மனுஷன் கஷ்டப்படறாரான்னு பார்க்கணும்" என்றார். படித்த ஒருத்தராவது என் பக்கம் இருக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த லீவில் ஒரு பௌர்ணமி வந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு கொட்டகைக்குப் போனேன். வரிசையில் அந்தப் பேராசிரியை, கையில் பழத்தட்டோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அண்ணன் காலை இழுத்துக்கொண்டு கீற்றுத் தட்டியோடு ஒட்டிக்கொண்டான். அவர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டபோது பக்கத்தில் போனேன்.

"மேடம், அது எங்கண்ணன். அவருக்கு உடம்பு சரியில்ல. நீங்க சொன்னா எங்க வீட்ல கேப்பாங்க. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

அவர் என் கன்னத்தைத் தொட்டார். "நீ குடுத்து வச்சவம்மா. புத்தகத்தை வெச்சுக்கிட்டு இவங்களை அளக்காதே."

அந்த வருஷம் அவர் பாடத்தில் நான்தான் முதல் மார்க்.

படிப்பு முடிந்து, தபால் வழியில் உளவியல் எம்.ஏ.வும் முடித்து, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதுதான் அண்ணனுக்குக் காலில் புண் வந்து புரையோடியது. விபூதிக்கு அடங்கவில்லை. பயந்துபோன சித்தப்பா அவனை என்னிடம் ஒப்படைத்தார். வேலூரில் புண்ணுக்குப் பார்த்த கையோடு மனநல மருத்துவரிடமும் காட்டினேன். என்னோடு வேங்கிக்காலில் வைத்துக்கொண்டு மாத்திரை கொடுத்தேன்.

மெதுவாகத்தான் திரும்பி வந்தான். மாத்திரையால் கை நடுங்கியது, உடம்பு பெருத்தது. ஆனால் குளித்தான், தூங்கினான், பேப்பர் படித்தான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தானாகவே பேசினான்.

"என்னைக் கொல்லத்தான் வராங்கன்னு நெனச்சேன் பாப்பா. மலை சொல்லிக்கினே இருக்கும், வரான் வரான்னு. கால்ல விழுந்தா, காலப் புடிச்சி இழுத்துக்கினு போகப்போறாங்கன்னு ஒதறும். அதான் கல்லெறிஞ்சேன். எறிய எறிய இன்னும் ஜாஸ்தி ஆளு வந்தாங்க."

இத்தனை வருஷம் அவன் பயத்தில் அலறியதைத்தான் ஆசீர்வாதம் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கடையைத் திறக்க ஆசைப்பட்டான். திறந்தோம். மோட்டார் ஒன்றும் வரவில்லை. பழைய வாடிக்கைக்காரர்களில் சிலர் சாமி கையால் வேலை வாங்கக்கூடாது என்றார்கள். சிலர் பைத்தியத்திடம் மோட்டாரைக் கொடுக்க முடியாது என்றார்கள். வந்தவர்கள் தேங்காய் பழத்தோடு வந்தார்கள். ஒரு அம்மாள் அவனைப் பார்த்துவிட்டு, "சாமி மொகத்துல இருந்த அந்த ஒளியே போய்டுச்சே" என்று என்னை முறைத்தாள்.

ஊரில் அப்பாவுக்கு அதற்குள் ஒரு மரியாதை வந்திருந்தது. பஞ்சாயத்துப் பேச்சுக்கு முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "மாத்திரயக் கொஞ்சம் கம்மி பண்ணேன்மா, ரொம்ப மந்தமா கீறான்" என்று அவர் ஆரம்பித்தார். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் சித்தப்பா வண்டியோடு வந்தார். அண்ணன் யாரும் பிடித்து இழுக்காமல் தானே ஏறிப் போனானாம். நான் கொட்டகைக்கு ஓடினேன்.

"இன்னாத்துக்குண்ணா வந்த?"

"அங்க எனக்கு இன்னா வேல கீது பாப்பா? இங்கனா நாலு பேரு வா சாமின்னு கூப்புடறாங்க."

மாத்திரைகளைக் கையில் வைத்தேன். வாங்கி மடியில் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம் நான் போகும்போதெல்லாம் சித்தப்பாவின் ஆட்கள் வாசலிலேயே நிறுத்தினார்கள். சாமி தவத்தில் இருக்கிறார், கிட்டே விடக்கூடாது என்றார்கள். உள்ளே அவன் சத்தம் போடுவது கேட்கும்.

ஒரு கார்த்திகை மழையில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்திருக்கிறது. யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவில்லை, எனக்கும் சொல்லி அனுப்பவில்லை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு நான் போனபோது குழி வெட்டி, உட்கார்ந்த நிலையில் வைத்து, கழுத்து வரைக்கும் விபூதி கொட்டியிருந்தார்கள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சாகவில்லை, சமாதி அடைந்தார் என்றார்கள். அழுத அம்மாவை, அழக்கூடாது என்று அதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அவனுக்கு நோவுன்னு உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும். பைத்தியக்காரனுக்கு அப்பனா எவ்ளோ நாள்தான்மா இருக்கிறது?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்தவர்களை உட்காரச் சொல்லப் போய்விட்டார். நான் அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பி, மழையிலேயே ரோட்டுக்கு நடத்திக் கூட்டிவந்தேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அவளால் அழ முடிந்தது.