தாலிக்கொடியும் கறள் பிடித்த பின்னும்

டென்மார்க்கின் கஸ்ட்ரப் விமான நிலையத்தில் என் கணவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னமே தாலிக்கொடியைப் பறிகொடுத்துவிட்டேன். ஊரில் சோதனைச்சாவடிகளுக்குப் பயந்து அதைப் பாவாடை விளிம்புக்குள் வைத்துத் தைத்திருந்தேன். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. இங்கே சுங்க அதிகாரியின் கையில் அது தட்டுப்பட்டது. வரி கட்டாமல் ஒளித்துக் கொண்டுவந்த விற்பனைப் பொருள் என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே அவர் நின்றார். கலியாணம் முடிந்த கையோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த மனுசன். எங்களைப் போன்ற தமிழ்ப் பெண்டாட்டிகளின் விசா மனுக்கள் இங்கே கிடப்பில் கிடந்த வருடங்கள் அவை. என்னுடையதும் அதற்குள்தான் கிடந்தது.

"விடுமப்பா, கொடி போனால் போகட்டும். இப்பதான் விசாவே தந்தவங்கள். அவங்களோட கொழுவ வேண்டாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கள் கட்டின கொடி. அதை விட்டிட்டு வெறுங்கழுத்தோட இருக்க என்னால ஏலாது. நான் கோர்ட்டுக்குப் போறன்!"

போனேன். எங்களுக்கு வாதாட வந்த டேனிஷ் பெண் வழக்கறிஞர், பாவித்த சொந்த நகை என்று காட்டினால் திரும்பக் கிடைக்கும், புதிது என்றால் போனதுதான் என்றார். என் கணவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியவேண்டும் என்று, புறப்படுவதற்கு முன் அந்தக் கொடியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தவளே நான்தான்!

நீதிமன்றத்தில் சுங்கத் தரப்பு வழக்கறிஞர் கொடியைத் தூக்கிக் காட்டினார். பாழாய்ப்போனது, அன்றைக்கென்று அப்படி மின்னியது. கடையிலிருந்து நேராக வந்த நகை இது என்று அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார். பக்கத்தில் என் கணவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் கண்டேன். தாலிக்குப் பக்கத்தில் துருவேறிக் கறள் பிடித்த ஒரு சேப்டிப்பின்! கழுவி முடிந்ததும் பழக்கத்தில் திரும்பக் கொடியில் கொழுவி மாட்டியிருக்கிறேன். கொடியில் பின் கொழுவாத பெண்டாட்டி எங்கள் ஊரில் எங்கே இருக்கிறாள்?

"ஐயா, அந்தப் பின்னைப் பாருங்கோ!" எழும்பிக் கத்தியேவிட்டேன். "சீலைக்குக் குத்துறதும் இதுதான், காலில முள்ளு எடுக்கிறதும் இதுதான். இவர் போன நாள் தொடக்கம் இதில தொங்குது. எந்தக் கடையில புதுக்கொடியோட கறள் பின் குடுக்கிறவங்கள்?"

மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டேனிஷில் சொன்னார். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னைப் பார்த்தார். அது உரசி உரசித் தாலியில் விழுந்திருந்த கீறல்களையும் விரலால் தடவிப் பார்த்தார். பாவித்த நகைதான், திருப்பிக் கொடுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது.

வெளியே வந்ததும், அவர் கொடியை என் கழுத்தில் போட்டுச் சுரையைத் திருகிப் பூட்டினார். பின்னைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"உண்மையாவே நான் போன நாள் தொடக்கமோ?"

"ஓம். அண்டைக்கு உங்கட சேட்டுப் பொத்தான் அறுந்தது. குத்திவிடுவம் எண்டு பின்னை எடுத்துக்கொண்டு ஓடிவந்தன். அதுக்குள்ள பஸ் வெளிக்கிட்டிட்டுது."

அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு எடுத்து, உள்ளங்கையை விரித்தார். நீதிமன்றத்துக்குள் திருகித் திருகி அறுத்தெடுத்த கோட்டுப் பொத்தான். நான் கொடியிலிருந்து பின்னைக் கழட்டினேன். அவர் கிட்ட வந்து, குத்திவிடும்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.