ஆள் வராத கண்காட்சி

போன வாரம் மாத்தளையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்துச் சுவரில் புதுப் பெயின்ட் வாசம். அது மூக்கில் பட்டால் போதும், எனக்குப் பிரியாணிகூட இரண்டாம் பட்சம்தான். நசீர் நினைவில் வந்து நின்றுவிடுவான்.

நசீர் என் கூட்டாளி. புடவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் அறை எடுத்து இருவரும் பெயர்ப்பலகை எழுதினோம். எழுத்து என் பாடு, படம் அவன் பாடு. பஸ்ஸின் முதுகில் மயில், பேக்கரிக் கதவில் கேக். மிச்ச நேரத்தில் தனக்கென்று வரைவான். நான் பிளேன்டீ குடித்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவேன்.

அவனுக்குக் கட்டார் விசா வந்தது.

"மச்சான், போக முந்தி ஒரு கண்காட்சி வெப்போம். ஒரே ஒரு ஆளாவது நின்டு பாத்தா நா போகல்ல."

அவனைப் போகவிட மனமில்லாமல் டவுனில் ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தேன். நாள் குறித்த மகாபுத்திசாலி நான்தான். அம்மன் தேர் நாள்! நாவுல, உக்குவளை ஊர்ச் சனமெல்லாம் டவுனில் குவியும், அதில் நாலு பேர் நம் மண்டபத்துக்குள் நுழைய மாட்டார்களா? தேரை விட்டுவிட்டு எவன் வருவான்? வந்தது கைக்குழந்தையோடு ஓர் அக்கா மட்டும்.

"தம்பி, இங்க பாத்ரூம் இருக்குங்களா?"

போனார், வந்தார், நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

பிற்பகலில் நசீர் அசர் தொழப் போன நேரத்தில் வருகைப் புத்தகத்தை நானே நிரப்பினேன். கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால் ஓர் ஆசிரியர், சிங்களத்தில் ஒரு மாத்தயா, அதாவது பெரிய மனிதர், லக்கலயிலிருந்து ஒரு விவசாயி. லக்கலயிலிருந்து பஸ் வருவதே பெரிய பாடு, இவர் படம் பார்க்க வந்தாராம்!

திரும்பி வந்த நசீர் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"பொய்யக்கூட வடிவா எழுதுறாய்டா. சரி, அத விடு. ஒனக்கு எந்தப் படம் புடிச்சிச்சி?"

காலையிலிருந்து ஆணி அடித்தேன், கதிரை அடுக்கினேன், யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்தேன். படங்களின் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாமே நல்லாத்தான்டா இருக்கு."

அவன் படங்களைக் கழற்ற ஆரம்பித்தான். அடுத்த மாதம் விமானம் ஏறினான்.

எங்கள் அறையில் இப்போது போன் விற்கிறார்கள். படங்கள் எங்கே போயினவோ தெரியாது. யாராவது கொண்டுவந்து காட்டினாலும் அவனுடையதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் கேட்டது ஒரே ஒரு ஆள்தான். நான் அங்கேதான் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தேன்.