சைபர் என்றால் அளவில்லை

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது என் நண்பன் ஆல்பர்ட்டின் தம்பி போனில் கூப்பிட்டான். "அண்ணன் போயிடுச்சிண்ணா" என்றான். மஞ்சள் காமாலை என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. கிடைத்த வண்டியில் ஏறி அவர்கள் ஊரான முதுநகரில் இறங்கினேன்.

ஆல்பர்ட்டின் தாய்மாமா சிதம்பரத்தில் நடத்திய பிரவுசிங் சென்டரை அவனும் நானும்தான் பார்த்துக்கொண்டோம். அங்கே வந்துபோன உங்களில் பலருக்கு அவன் சிடுமூஞ்சி. உண்மைதான். கேட்டதற்குப் பதில் சொல்லுமுன் ஒருமுறை முறைப்பான்.

மூலையில் ஒரு லினக்ஸ் கணினி இருந்தது. தமிழ் எழுத்துருக்கள், லினக்ஸ் சிடிக்கள் என்று டாரன்ட் என்ற மென்பொருளில் இறக்கியதை அதிலிருந்தே மற்றவர்களுக்கும் பகிர்வான். "எடுத்தா குடுக்கணும் மச்சான். அதுக்குன்னு கடைய மூடிட்டுக் குடுக்க முடியாது" என்பான். அப்லோடு நிரம்பி வழிந்தால் டவுன்லோடும் படுத்துவிடும். அதனால் அப்லோடுக்கு நொடிக்கு ஐந்து கேபி என்று வரம்பு போட்டிருந்தான்.

மாமாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலையில் ஆல்பர்ட் முதுநகரில் இருந்தான். மாமா ஐந்தை அழித்துவிட்டு சைபர் போட்டார். "இனிமே ஒண்ணும் வெளிய போவாது" என்று என்னிடம் சொல்லவும் செய்தார். அந்த மென்பொருளில் சைபர் என்றால் வரம்பே இல்லை என்று பொருள்; அது அப்போது எனக்கும் தெரியாது. கடை நிறையப் பிள்ளைகள், பெற்றோர்கள். ரிசல்ட் பக்கம் எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. நான் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டதுதான் மிச்சம். கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

சேதி கேட்டு ஓடி வந்த ஆல்பர்ட் திரையைப் பார்த்தான். "சைபர்னா அளவே கெடையாதுன்னு அர்த்தம் மாமா. யாரு போட்டது?"

"சைபர்னா ஒண்ணுமில்லடா. ஊருக்கெல்லாம் வாரிக் குடுத்துட்டு எனக்குக் கணக்கு சொல்லித் தரியா?"

எதிர்க்கடையில் நின்ற கூட்டம் பார்க்கச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார். நீங்கள்தானே போட்டீர்கள் என்று கேட்ட என்னையும் சேர்த்தே அனுப்பினார். வரம்பு வைத்த ஒரே ஆளுக்கு வாரி இறைத்தவன் என்று பெயர். அந்தப் பெயரோடு சிதம்பரத்தில் வேறெந்தக் கடையும் அவனைச் சேர்க்கவில்லை. முதுநகர் துறைமுகத்தில் மீன்படகுகளுக்கு ஐஸ் ஏற்றப் போனான். சாகும்வரை மாமா வீட்டுப் படி ஏறவில்லை.

அடக்கத்துக்கு மாமா பெரிய மாலையோடு வந்தார். "தங்கமான புள்ள. கொஞ்சம் அஜாக்கிரதை, அதான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"அன்னிக்கு சைபர் போட்டது யாரு மாமா?" என்றேன்.

"செத்த வூட்ல இன்னா பேச்சு இது."

நாலு பேர் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள்.

அவனுடைய நல்ல குணங்களை மாலை போட்டவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அவன் கோபம் போதும். அதை நான் ஆறவிடப் போவதில்லை.