மூடியைக் கழற்றியவர்

பருத்தித்துறை ஆஸ்பத்திரியில், காலில் மீன்முள் ஏறிய புண்ணுக்கு மருந்து கட்டக் காத்திருந்தபோதுதான் அவரைக் கண்டேன். மா அரைக்கும் மில் ஒன்றின் முதலாளி. புருவத்திலும் காது மடலிலும் மா படிந்திருந்தது. அவரிடம் வேலை செய்யும் பொடியன், பதினேழு வயதிருக்கும், இரத்தம் ஊறிய துணியை வலக்கையில் சுற்றிப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தான். முதலாளி தன் வலக்கை விரல்களை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார்.

“எப்பிடி நடந்தது?” என்று மருந்து கட்டும் மிஸ்ஸி கேட்டார்.

“கிணத்துக் கப்பியிலை நெரிஞ்சது, மிஸ்ஸி” என்றான் பொடியன்.

“பொய். என்ரை மில்லிலை, மிஷின் பெல்ற்றுக்குள்ளை போனது. பெல்ற்றிலை கை படாமல் போட்ட மூடியைக் கழட்டி வைச்சது நான்” என்றார் அவர்.

“சும்மா இருங்கோ முதலாளி! விசாரிக்க வந்து மில்லைப் பூட்டினால் நீங்களும் நானும் சந்தையிலை வாழைக்குலையோ தூக்கிறது?”

“உந்தக் கையாலை நீ குலை தூக்குவியோ? பேசாமல் இரு.”

பொடியனை உள்ளே கொண்டுபோனார்கள். அறியாதவர்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

“அவனே கிணறெண்டு சொன்னவன். விட்டிருக்கலாமே, அண்ணை?”

“கிணறெண்டால் அவன்ரை கவலையீனம், அவன்ரை பிழை எண்டாகிவிடும். நாளைக்கு விரல் இல்லாமல் வந்து நிண்டால், என்னட்டை எதைச் சொல்லி நட்டஈடு கேட்பான்?”

அது சண்டைக்காலம். மில்லைச் சோதிக்க அதிகாரி யாரும் வரப்போவதில்லை என்று எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

உள்ளே பொடியன் கத்தினான். அவர் விரல்களை மடக்குவதை நிறுத்தினார். பிறகு, யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல, ஐந்து விரலும் முழுதாய் இருந்த அந்தக் கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.