மட்டாஞ்சேரி மொட்டைமாடியில் ஒட்டன்சத்திரத்துக் கத்தரி

நான் கொச்சிக்கு வந்த புதிதில், காய் வாங்கப் போன இடத்தில் ஒருவர் என் ஊரைப் பற்றி என்னிடமே எச்சரித்தார். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முனையில் ஷாஜி சேட்டன் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். அன்று கூடையில் கத்தரிக்காய் பளபளவென்று கிடந்தது. குனிந்து பொறுக்கத் தொடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்தி, "அது வேண்டா சேச்சி. தமிழ்நாட்டுச் சரக்கு, முழுக்க மருந்து. நாளெ வந்தா நாடன் தராம்" என்றார். நாடன் என்றால் உள்ளூரில் விளைந்தது. அவர் காலடியில் மடித்துக் கிடந்த காலிச் சாக்கில் பச்சை மையில் ஒரு ஊர்ப்பெயர் இருந்தது. ஒட்டன்சத்திரம். நான் பிறந்து வளர்ந்த ஊர்.

எங்கள் அப்பா கத்தரி போடுகிறவர். மதியத்துக்குமேல் பறித்து, சாக்கில் கட்டி, சாயங்காலம் மண்டிக்குக் கொண்டுபோவார். விடிவதற்குள் அது லாரியில் கேரளம் சேர்ந்துவிடும். மருந்து அடித்ததும் உண்மைதான். புழு விழுந்த காயை மண்டியில் யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். ஆனால் வீட்டுக்கென்று கிணற்றோரம் நாலு முள்ளுக் கத்தரி தனியே நிற்கும். அதில் ஒரு சொட்டு மருந்து பட்டதில்லை. இதையெல்லாம் ஷாஜி சேட்டனுக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் மலையாளம் இல்லை. "சரி சேட்டா" என்று வெறும் பையோடு திரும்பினேன். அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டு, அந்தக் கிணற்றோரச் செடியின் விதை வேண்டும் என்றேன். அடுத்த வாரமே கொச்சிக்கு வரும் லாரி டிரைவர் ஒருவரிடம், பழைய துணியில் முடிந்து கொடுத்தனுப்பினான்.

என் கணவர் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் சரக்குகளைச் சுங்கத்தில் விடுவிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். நாங்கள் குடியிருப்பது பை என்ற கொங்கணிக்காரர் வீட்டு மாடியில். அதற்கும் மேலே மொட்டைமாடி. மிளகுக் கிடங்குகளில் கழித்துப் போட்ட சாக்குகளை வாங்கி, மண் நிரப்பி விதை போட்டேன். நனைந்தால் சாக்கிலிருந்து மிளகு வாசம் எழும்பும். முதல் கத்தரி அத்தனையும் மழையில் வேரழுகிச் செத்தது. எங்கள் ஊரில் செடி தண்ணீரில்லாமல் சாகும். இங்கே தண்ணீரால் சாகிறது. இதைச் சொல்லிப் புலம்ப அக்கம்பக்கத்தில் ஆளில்லை. அதனால்தான் வலைப்பூ தொடங்கினேன். பெரிய இலட்சியம் ஏதுமில்லை.

முதலில் பத்துப் பேர் படித்திருந்தால் அதிகம். ஆட்களைக் கூட்டி வந்தது மோர்மிளகாய்தான். தாம்பாளத்தில் மோர்மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தபோது பை அவர்களின் மனைவி சுதா சேச்சி படியேறி வந்து, முகமெல்லாம் மலர, "கொண்டாட்டமாணோ?" என்று கேட்டார். "இல்லைங்க, எங்க வீட்டுல விசேஷம் எதுவுமில்ல" என்றேன். அவர் விழித்தார். மறுபடி அதையே கேட்டார். "அட, பிறந்தநாள்கூட இல்லைங்க" என்றேன். கடைசியில் ஒரு மிளகாயைத் தூக்கிக் காட்டி, "இது! இதாணு கொண்டாட்டம்!" என்றார். மோர்மிளகாய்க்கு இங்கே அதுதான் பெயர். இதை எழுதினேன். கேரளத்தில் இருக்கும் தமிழர்கள் தாங்கள் மாட்டிக்கொண்ட கதைகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள்.

அவற்றுக்கு நடுவே மலையாள எழுத்தில் ஒரு பின்னூட்டம் இருந்தது. எனக்கு அப்போது மலையாளம் வாசிக்கத் தெரியாது. ஷாஜி சேட்டனிடம் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். இரண்டு வரி போனதும் நிறுத்தி என்னைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது தமிழ்.

"அக்கா, எனக்குத் தமிழ் பேசத் தெரியும், வாயிக்கத் தெரியாது. நீங்க எழுதறத எங்க அம்மா வாயிச்சுத் தருவா. இப்ப அம்மாவுக்குக் கண்ணு தெரியல்ல. இனி யாரு வாயிச்சுத் தருவா? நானும் மட்டாஞ்சேரிதான். ராஜேஸ்வரி."

அந்தப் பெயரை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். ஷாஜி சேட்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் குட்டி இவிடெ அடுத்தாணு" என்று கையைக் காட்டினார்.

ராஜேஸ்வரி மாநகராட்சித் துப்புரவுப் பிரிவில் வேலை செய்கிறாள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குத் தகரக் கூரை, மாடி கிடையாது. சந்துச் சுவரை ஒட்டிப் பெயிண்ட் வாளிகளில் வெண்டையும் காந்தாரி மிளகாயும் வைத்திருந்தாள். நான் என் பதிவை அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒவ்வொரு செடியின் பெயருக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். திரும்பும்போது ராஜேஸ்வரி வாசல்வரை வந்தாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க, நான் மலையாளத்துல எழுதித் தரேன். என்னப்போல ஆளு இங்க கொறே உண்டு, நெறைய."

"வேலைக்கும் போயிட்டு முடியுமா உனக்கு?"

"முடியும். ஆனா அவரை, மொச்சை ரெண்டும் எனக்கு ஒண்ணுதான், கேட்டோ. நீங்கதான் பிரிச்சுச் சொல்லணும்."

அன்றுமுதல் என் வலைப்பூவுக்கு இரண்டு மொழி, இரண்டு எழுத்து. படிக்கிறவர்களும் மாறினார்கள். போர்ட் கொச்சியில் சின்ன ஓட்டல் நடத்தும் ஜெசி கறிவேப்பிலை வளர்க்க வழி கேட்டார். வைப்பினிலிருந்து ஒரு குடும்பம் படகேறி வந்து சுண்டை நாற்று வாங்கிப்போனது. ஏலூரில் உரத் தொழிற்சாலை ஒன்றில் ஓய்வுபெற்ற வர்கீஸ் என்பவர் மட்டும் ஒவ்வொரு பதிவிலும் சண்டைக்கு வந்தார். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செடிக்கு ஊற்றுவது பற்றி எழுதியபோது, "காலமெல்லாம் யூரியாவோடு வாழ்ந்தவன் நான். உங்கள் மீன்சாற்றில் செடி வளருமென்றால் என் பென்ஷனைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்" என்றார். சில வாரம் கழித்து அவரிடமிருந்து காய் குலுங்கும் கத்தரியின் படம் ஒன்று வந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை.

மழை விட்டபின் மீதி விதையைப் போட்டு வளர்த்ததில், எங்களுக்குப் போக மிஞ்சிய கத்தரியை ஷாஜி சேட்டன் கடையில் கொடுத்தேன். 'நாடன்' என்று பலகையில் எழுதி வைத்தார். "சேட்டா, இதோட விதை ஒட்டன்சத்திரம்" என்றேன், இந்தத் தடவை மலையாளத்தில். சற்று யோசித்துவிட்டு, "ஆயிக்கோட்டே. முளச்சது இவிடெயல்லே?" என்றார். இருக்கட்டுமே, முளைத்தது இங்கேதானே என்று.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், நம் ஆடியில் கொட்டும் கர்க்கடக மழையில் ஒருநாள் பை எங்கள் படியேறி வந்தார். கோபக்காரர் இல்லை அவர். முகம் மட்டும் வெளிறியிருந்தது. மொட்டைமாடியிலிருந்து இறங்கிய ஈரம் சுவர்வழியே கீழ்வரை போய், அவர் படுக்கைமேல் காரை பெயர்ந்து விழுந்திருந்தது. "மோளே, எனிக்கு வேற வழியில்லா. ஞாயறாழ்ச்சக்குள்ள செடி எல்லாம் மாற்றணும்" என்றார். அவர் போனபின் அழுதேன். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அவர் சொல்றதுலயும் தப்பில்லையே. தலையில விழுந்திருந்தா?" என்றார். தப்பில்லை என்பதுதான் இன்னும் அழுகையைக் கூட்டியது. யாரைக் கோபித்துக்கொள்வது?

அன்றைய பதிவை நான் சொல்லச் சொல்ல ராஜேஸ்வரி எழுதினாள். செடிகள் சாக வேண்டாம், இடமிருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். எழுதி முடித்து மூக்கை உறிஞ்சினாள். "யாரு அக்கா இந்த மழையில வருவா?" என்றாள்.

வந்தார்கள். குடையும் கோணிப்பையுமாக எங்கள் சந்து நிறைந்தது. நனைந்த மூட்டை ஒவ்வொன்றும் கருங்கல் கனம். படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோம். சுதா சேச்சி அண்டா நிறையச் சாயா போட்டார். ஜெசி செடிமுருங்கையைக் குழந்தைபோல் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். வர்கீஸை அன்றுதான் நேரில் பார்த்தேன். வெள்ளைத் தலை, மழைக்கோட்டு, கையில் ஒரு பாட்டில். "மீன்சாறு. நானே போட்டது. முகர்ந்து பார்த்து மார்க் போடுங்கள்" என்றார். ராஜேஸ்வரி, நான் விதைக்கு விட்டிருந்த முள்ளுக் கத்தரியை யாரிடமும் கொடுக்காமல் தானே சுமந்துபோனாள்.

வராந்தாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பை என்னைக் கூப்பிட்டார். "இவரெல்லாம் உன் பந்துக்களோ?" என்றார். "சொந்தக்காரங்க இல்ல சார். நான் எழுதறதப் படிக்கிறவங்க" என்றேன். மலையாளத்தில் படிப்பவர் என்றால் மாணவர். அவர் வர்கீஸின் நரைத்த தலையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத்ர பிராயமாயிட்டும் படிக்குன்னோ!" என்று வியந்தார். படிக்கட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். மழையில் நனைந்துகொண்டு நான் அப்படிச் சிரித்தது கேரளத்துக்கு வந்தபின் அதுதான் முதல் தடவை.

அதன்பின் தினமும் படங்கள் வந்தன. வைப்பினில் என் சுண்டை பூத்தது. ஏலூரில் கொத்தவரை காய்த்தது. மழை ஓய்ந்து தளத்தைச் சரிசெய்தபின் பை, இரும்புச் சட்டம் போட்டு அதன்மேல் வைப்பதானால் செடிகளைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றார். கேட்டதும் ராஜேஸ்வரி கைவிரித்தாள். "அது அங்க வேரு பிடிச்சாச்சு அக்கா. பறிச்சா பட்டுப்போவும்." அவரவர் வீட்டில் எடுத்த விதையில் நாற்று வளர்த்து ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் மாடியில் விதை மாற்றிக்கொள்கிறோம். தமிழ், மலையாளம், கொங்கணி மூன்றும் அங்கே பேசப்படும். ராஜேஸ்வரியின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து இலையைக் கசக்கி முகர்ந்தே செடியின் பெயர் சொல்லுவார். ஊரில் என்னைக் கேட்கிறார்கள், அங்கே போய் என்ன சம்பாதித்தாய் என்று. இதைத்தான். கூசாமல் சொல்வேன்.

போன சித்திரையில் ஒட்டன்சத்திரம் போயிருந்தேன். மாதக்கணக்கில் வானம் பார்த்துக் கிடந்த ஊரில் அன்று மத்தியானம் திடுமெனக் கோடைமழை இறங்கியது. அண்ணி குடம், அண்டா, சருவம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். நானும் ஓடினேன். ஓடியவள் அவள் வைத்திருந்த துளசித் தொட்டியையும் ரோஜாத் தொட்டியையும் அவசர அவசரமாகத் தாழ்வாரத்துக்குள் இழுக்க ஆரம்பித்தேன். "என்ன வளர்மதி இது? உனக்குப் பைத்தியமா? நனையட்டும் விடு!" என்று அண்ணி கத்தினாள். "அழுகிப்போயிரும் அண்ணி" என்றேன். சொன்னபின்தான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பது உறைத்தது. தொட்டியை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. முதுகில் மழை அடிக்க, முகம் தாழ்வாரத்துக்குள் காய்ந்திருக்க, அதைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தேன்.